எடைமேடைக் கணினிக்கு மதர்போர்டு தேடியது: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பட்டணத்தை ஒட்டிச் செம்பனைக் குலை வாங்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்துகிறார்கள். அக்கம்பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள் லோரியிலும் டிராக்டரிலும் குலை ஏற்றி வருவார்கள். வண்டியை எடைமேடையில் நிறுத்தி எடை போட்டு, குலையை இறக்கிவிட்டு, வெறும் வண்டியை மறுபடி எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் அறிந்த கணக்கு. தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும், விலையில் பிடித்துக்கொள்வார்கள். எடைமேடை நின்றால் மொத்த நிலையமும் நின்ற மாதிரிதான்.

எடைமேடையை ஒட்டிய சின்ன அறையில் இருந்த கணினிக்கு மூன்று வேலை. எடை காட்டும் கருவியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடையைப் படிக்க வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் மூன்றடுக்குத் தாளில் சீட்டு அடிக்க வேண்டும். மாதக் கடைசியில் கணக்கு எடுக்க வேண்டும். 2012இல் உள்ளூர்க் கடையில் உதிரிகளை வாங்கிக் கட்டிய கணினி அது. இன்டெல் ஐ3-2120 ப்ராசசர், எச்61 சிப்செட் (போர்டின் துணைச் சிப்) உள்ள மதர்போர்டு (மற்ற உதிரிகள் எல்லாம் மாட்டும் தாய்ப் பலகை), 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7இல் தொடங்கி, பிறகு விண்டோஸ் 10க்கு மாறியிருந்தார்கள்.

நான் தெலுக் இந்தானில் கணினி பழுது பார்க்கிறேன். 2025 ஜூலையில் என்னைக் கூப்பிட்டார்கள். கையில் இருந்த தொகை 700 ரிங்கிட். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்த பிறகே, அவர்கள் பெயரைச் சொல்லாமல் இதை எழுதுகிறேன். பழைய கணினிக்கு மதர்போர்டு மாற்ற நினைக்கும் எவருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

## முதலில் தென்பட்டவை

ஏப்ரலில் ஒரு மாலை பக்கத்தில் இடி விழுந்ததிலிருந்து நெட்வொர்க் போர்ட் வேலை செய்யவில்லை. யூஎஸ்பி வைஃபை ஒன்றைச் செருகிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். ஜூனில் புதிய தொல்லை ஆரம்பித்தது. காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. அணைத்து அணைத்துப் போட்டால் நாலாவது ஐந்தாவது தடவையில் எழும். எழுந்துவிட்டால் மாலை வரை ஓடும்.

கேஸைத் திறந்தபோது உள்ளே செம்மண் தூசி, எறும்பு, பவர் சப்ளையின் ஓரத்தில் காய்ந்துபோன பல்லி. தோட்டப்புறத்துக் கணினிகளில் இதெல்லாம் வழக்கம். தூசியை ஊதித் தள்ளிய பிறகு பார்த்தால், ரேம் வரிசைக்குப் பக்கத்தில் இரண்டு மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது. தட்டையாக இருக்க வேண்டிய அலுமினியத் தலையை விரலால் தடவினாலே மேடு தெரிந்தது. காலைக் குளிரில் எழாமல், சூடேறியதும் எழுவதற்கு இதுவே போதுமான காரணம். நெட்வொர்க் சிப்போ மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. இடி அதற்குள் புகுந்திருக்கிறது.

பவர் சப்ளையையும் அளந்தேன். வேலை கொடுத்து ஓடவிட்டபோது 12 வோல்ட் கம்பியில் 11.3தான் இருந்தது. ஏடிஎக்ஸ் அளவுகோல்படி 12 வோல்ட்டில் 5 சதவீதம்வரை ஏறலாம், இறங்கலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. போர்டை மட்டும் மாற்றிவிட்டு இந்தப் பவர் சப்ளையிலேயே மாட்டியிருந்தால் புதிய போர்டும் சீக்கிரமே தொல்லை கொடுத்திருக்கும்.

## ஒட்டுப்போடுவதா, மாற்றுவதா

உப்பிய மின்தேக்கி இரண்டையும் மாற்ற ஆகும் செலவு தேநீர்க் காசுதான். உரிமையாளர் அதைத்தான் முதலில் கேட்டார்: "தம்பி, இதையே ஒட்டிக் கொடுத்தா ஓடாதா?"

ஓடும். ஆனால் இரண்டு தேதிகள் எதிரே இருந்தன. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிய இருந்தது. ஆண்டு விற்பனை 1 மில்லியனிலிருந்து 5 மில்லியன் ரிங்கிட் வரை உள்ள நிறுவனங்களுக்கு 2026 ஜனவரி 1இல் இ-இன்வாய்ஸ் (மின்னணு விலைப்பட்டியல்) கட்டாயமாக இருந்தது. இந்த நிலையம் அந்த வரம்புக்குள் வருகிறது. இதுவரை இணையத்தை அவ்வளவாக நம்பியிருக்காத கணினி, இனி வரி வாரியத்தின் தளத்தோடு தினமும் பேச வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டணம் செலுத்தினால் விண்டோஸ் 10க்குத் திருத்தங்கள் இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கும் என்றாலும், 13 வருடப் போர்டுக்கு அது தவணை தள்ளிப்போடுவதுதான்.

விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் இன்டெல் என்றால், ஏழாம் தலைமுறையில் ஒருசிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் இருக்கின்றன. ஐ3-2120 இரண்டாம் தலைமுறை. அது உட்காரும் எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் (போர்டில் ப்ராசசர் பொருந்தும் இடம்) எந்த ப்ராசசரை மாட்டினாலும் மூன்றாம் தலைமுறையைத் தாண்ட முடியாது. ஆகவே போர்டு, ப்ராசசர், ரேம் மூன்றும் சேர்ந்தே மாற வேண்டும் என்று முடிவானது. அதே சமயம், புதிய உதிரிகள் வந்து சேரும் வரை எடைமேடை நிற்காமலிருக்க, அந்த இரண்டு மின்தேக்கிகளையும் அன்றே மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை முதல் தடவையிலேயே கணினி எழுந்தது. இதனால் எங்களுக்கு நிதானமாகத் தேட நேரம் கிடைத்தது. அவசரத்தில் வாங்கும் போர்டுதான் பெரும்பாலும் பொருந்தாமல் போகிறது.

## மருமகன் வாங்கி வைத்திருந்த ப்ராசசர்

இந்த நிகழ்வில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இந்தக் கட்டத்தைத்தான்.

உரிமையாளரின் அக்கா மகன் பொலிடெக்னிக்கில் படிக்கிறான், கெட்டிக்காரப் பையன். மாமாவுக்கு உதவலாம் என்று ஐ5-8400 ப்ராசசர் ஒன்றை இணையச் சந்தையில் 170 ரிங்கிட்டுக்கு முன்பே வாங்கி வைத்திருந்தான். பழைய பொருள், திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்குப் போர்டும் பார்த்து வைத்திருந்தான். எச்110 சிப்செட், டிடிஆர்4, விலை 100 ரிங்கிட்டுக்கும் கீழே. ஆர்டர் கொடுக்கும் முன் என்னிடம் காட்டினான்.

"ப்ராசசர்லயும் 1151னு போட்டிருக்கு, போர்ட்லயும் 1151னுதான் போட்டிருக்கு. பொருந்தும்தானே அண்ணே?"

அவன் யோசித்த விதத்தில் தவறே இல்லை. சாக்கெட்டின் எண் பொருந்தினால் போதும் என்றுதான் எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் இரண்டு சாக்கெட்டுகள் இருக்கின்றன. 2015இல் ஆறாம் தலைமுறையோடு வந்தது ஒன்று. 100, 200 வரிசைச் சிப்செட்டுகள் அதற்குரியவை, ஆறும் ஏழும் மட்டுமே அதில் ஓடும். 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தபோது இன்டெல் முனைகளின் (ப்ராசசரும் போர்டும் தொட்டுக்கொள்ளும் புள்ளிகளின்) எண்ணிக்கையை 1151ஆகவே வைத்துக்கொண்டு, எந்த முனைக்கு என்ன வேலை என்பதை மாற்றிவிட்டது. ஏழாம் தலைமுறையில் மின்சாரம் ஏற்க 128 முனைகள். எட்டாம் தலைமுறையில் 146. தரைக்கான முனைகளும் கூடின. முன்பு எதற்கும் ஒதுக்காமல் விட்டிருந்த முனைகளிலிருந்துதான் இவற்றை எடுத்துக்கொண்டார்கள். ஆறு கோர் ப்ராசசருக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்பட்டது. எட்டு, ஒன்பதாம் தலைமுறைகளுக்கு 300 வரிசைச் சிப்செட் உள்ள போர்டுதான் வேண்டும்: எச்310, பி360, பி365, எச்370, இசட்370, இசட்390.

இதில் ஆபத்து என்னவென்றால், ப்ராசசரின் ஓரத்தில் உள்ள வெட்டுகள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஐ5-8400ஐ எச்110 சாக்கெட்டில் வைத்தால் அழகாக உட்காரும், மூடியும் மூடும், நெம்புகோலும் இறங்கும். பொத்தானை அழுத்தினால் திரையில் ஒன்றும் வராது. ப்ராசசர் செத்துவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்குவோரும் உண்டு. டிடிஆர்3 ரேமை டிடிஆர்4 இடத்தில் செருக முயன்றால் வெட்டு இடிக்கும், தவறு கையிலேயே தெரிந்துவிடும். இங்கே கை எச்சரிக்காது.

போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயோஸை மாற்றி எழுதி, ப்ராசசரின் சில முனைகளை டேப் ஒட்டி மறைத்து, எட்டாம் தலைமுறையைப் பழைய போர்டில் ஓடவைப்பவர்கள் இருக்கிறார்கள் என்று பையன் காட்டினான். உண்மைதான், ஓடவைக்கிறார்கள். வீட்டில் விளையாட்டுக்கு வைத்திருக்கும் கணினியில் செய்து பார்க்கலாம். வெளியே ஐந்து லோரி வரிசையில் நிற்கும்போது அப்படி மாற்றிய பயோஸ் கைவிட்டால் யார் பதில் சொல்வது? அந்த வழி வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன், அவனும் ஒத்துக்கொண்டான்.

பையன் வாங்கியதில் நல்லதும் ஒன்று இருந்தது. ஐ5-8400க்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. பெயரின் கடைசியில் 'எஃப்' சேர்ந்த ஐ5-9400எஃப் போன்றதை வாங்கியிருந்தால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டியிருக்கும், 700 ரிங்கிட் அங்கேயே உடைந்திருக்கும்.

## பரிசீலித்த வழிகள்

ஏஎம்4 சாக்கெட்டில் ஏஎம்டியின் ரைசன் ப்ராசசரும் புதிய போர்டும் வாங்கலாம். எல்ஜிஏ 1700இல் எச்610 போர்டும் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3யும் வாங்கலாம். இரண்டும் நல்ல வழிகள், நீண்ட நாள் வரும். ஆனால் ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை எல்லாம் சேர்ந்தால் தொகை மீறும், 170 ரிங்கிட் ப்ராசசரும் வீணாகும். அதனால் இவற்றை அதிகம் ஆராயவில்லை.

கவனமாக யோசித்தது, அலுவலகங்களிலிருந்து கழிந்து வரும் பிராண்ட் கணினியைப் பற்றி. எட்டாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் உரிமம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ இந்தத் தொகைக்கு அப்போது கிடைத்தது. உரிமத்தின் விலையைக் கணக்கில் எடுத்தால் அதுதான் மிக மலிவான வழி, இதை மறைக்காமல் சொன்னேன். பழைய கணினியின் விண்டோஸ் உரிமம் கணினியோடு வந்தது; அப்படி வரும் உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டுப்பட்டது, வேறு போர்டுக்கு எடுத்துப்போக முடியாது. போர்டை மாற்றினால் புதிய உரிமம் வாங்க வேண்டும், அதன் விலை போர்டின் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு. போர்டு மாற்றுவோர் பலர் இந்தச் செலவைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

அப்படியும் உரிமையாளர் அந்த வழியை எடுக்கவில்லை. சிறிய பிராண்ட் கணினிகள் பலவற்றில் பவர் சப்ளையின் இணைப்பு அந்த நிறுவனத்துக்கே உரியதாக இருக்கும். வழக்கமான 24 முனைச் செருகி பொருந்தாது, போர்டின் அளவும் வேறு. நாளைக்கு ஒன்று போனால் பட்டணத்துக் கடையில் மாற்று கிடைக்காது. பிரிண்டருக்கு வேண்டிய பழைய இணையிணைப்பும் (பேரலல் போர்ட்) அவற்றில் அபூர்வம். "இங்கேயே கிடைக்கிற சாமான்ல இருக்கணும் தம்பி. ஈப்போவுக்கு அனுப்பி ஒரு வாரம் காத்திருக்க எனக்கு நேரமில்ல," என்றார். அவர் நிலையில் நானும் அப்படித்தான் முடிவெடுப்பேன். சீரியலும் பழைய பிரிண்டரும் இல்லாத ஒருவர் கேட்டால், கழிந்து வந்த அலுவலகக் கணினியையே வாங்கச் சொல்வேன்.

உரிமத்தை 700 ரிங்கிட்டுக்கு வெளியே, நிலையத்தின் செலவாகத் தனியாக வாங்க மனைவி சம்மதித்தார். கணக்கு வழக்கு அவர் கையில்தான் இருக்கிறது. "திருட்டு விண்டோஸ்ல வரிக் கணக்கு அனுப்ப வேணாம்" என்று அவரே சொன்னார்.

## மாறக் கூடாதவை

போர்டு தேடும் முன், மாற்ற முடியாதவற்றை எழுதிக்கொண்டோம். எடைக்கருவியின் சீரியல் இணைப்பு. அந்தக் கருவியில் எடை, அளவைச் சட்டப்படி சோதனை முத்திரை இருக்கிறது, அதை யாரும் தொடக் கூடாது, அதிலிருந்து வெளிவரும் கேபிள் மட்டுமே நம் எல்லை. பிரிண்டரின் இணையிணைப்பு. விஜிஏ மட்டுமே உள்ள பழைய திரை. மைக்ரோ ஏடிஎக்ஸ் கேஸ். இவை நான்குக்கும் ஈடுகொடுக்கும் 300 வரிசைப் போர்டு வேண்டும்.

யூஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிள் வாங்கினால் போதுமே என்று கேட்கலாம். மடிக்கணினியில் நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். எடைமேடையில் வேண்டாம் என்றதற்குக் காரணம், வேறு துளையில் செருகினால் காம் எண் (சீரியல் இணைப்புக்கு விண்டோஸ் தரும் எண்) மாறிவிடுகிறது, மென்பொருள் எடையைக் காணாமல் தவிக்கிறது. மலிவான கேபிள்கள் சிலவற்றில் போலிச் சிப் இருக்கிறது. விண்டோஸ் புதுப்பித்த மறுநாள் டிரைவர் அதை ஏற்க மறுக்கும். போர்டிலேயே திருகி நிற்கும் சீரியல் இணைப்புக்கு இந்தக் கவலை இல்லை.

எச்310 போர்டுகளில் பலவற்றின் பின்பக்கம் சீரியல் துளை இருக்காது. ஆனால் போர்டின் மேல் 'காம்' என்று எழுதிய 9 முனைக் கம்பு வரிசை இருக்கும். சிலவற்றில் பிரிண்டருக்கான 'எல்பிடி' என்ற 25 முனை வரிசையும் உண்டு. விற்பனைப் பக்கத்தில் இதையெல்லாம் எழுத மாட்டார்கள். தயாரிப்பாளரின் கையேட்டைத் திறந்து, போர்டின் படத்தில் தேடிப் பார்க்க வேண்டும். பையனை இந்த வேலையில் விட்டேன். இரண்டு வரிசைகளும் பின்பக்க விஜிஏயும் உள்ள மூன்று மாடல்களைக் கண்டுபிடித்து வந்தான்.

அடுத்தது தயாரிப்பாளரின் ப்ராசசர் பட்டியல். எந்த ப்ராசசருக்கு எந்த பயோஸ் பதிப்பு வேண்டும் என்று அதில் இருக்கும். ஐ5-8400 எச்310இல் முதல் பதிப்பிலிருந்தே ஓடும்; ஒன்பதாம் தலைமுறை என்றால் புதிய பயோஸ் வேண்டும், அதை ஏற்ற ஓர் எட்டாம் தலைமுறை ப்ராசசர் கையில் இருக்க வேண்டும். இன்னொன்று, ஒரே மாடல் பெயருக்குப் பின்னால் 'ஆர்2.0' என்று இருந்தால் அதில் இருப்பது பெரும்பாலும் எச்310சி என்ற வேறு சிப். பட்டியலும் பயோஸும் வேறு. போர்டின் மூலையில் அச்சிட்டிருக்கும் பெயரை முழுதாகப் படித்துத்தான் ஒப்பிட வேண்டும்.

## போர்டு கைக்கு வந்தது

மூன்று மாடல்களில் ஒன்று பழைய பொருளாக இரண்டு விற்பனையாளர்களிடம் இருந்தது. சாக்கெட்டின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி, கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். இந்த வகைச் சாக்கெட்டில் முனைகள் போர்டில் இருக்கின்றன. மயிரிழை அளவுதான், விரல் பட்டாலே வளையும். சாய்ந்த வெளிச்சத்தில் அவை சாலையிலிருந்து பார்க்கும் செம்பனை வரிசை மாதிரி நேர்கோட்டில் மின்ன வேண்டும். முதல் படத்தில் கீழ் மூலையில் இரண்டு முனைகள் மின்னவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று பக்கத்து முனையின் மேல் சாய்ந்து கிடந்தது. அது 30 ரிங்கிட் மலிவு, விட்டுவிட்டோம். இரண்டாவது சுத்தமாக இருந்தது, 190 ரிங்கிட். பின்பக்கத் தகடும் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டோம். அந்தத் தகடு இல்லாமல் போர்டை மாட்டினால் கேஸின் பின்னால் பெரிய ஓட்டை, பல்லிக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி.

8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று, 240 ஜிபி எஸ்எஸ்டி, புதிய பவர் சப்ளை, சீரியலுக்கும் பிரிண்டருக்கும் இரண்டு பின்தகட்டுக் கேபிள்கள் வாங்கினோம். பழைய ப்ராசசரின் குளிர்விப்பானைத் தூக்கிப் போடவில்லை. 1155க்கும் 1151க்கும் குளிர்விப்பான் துளைகளின் இடைவெளி ஒன்றே, 75 மில்லிமீட்டர். இரண்டு ப்ராசசரும் 65 வாட் வகை. சுத்தம் செய்து, புதிதாகப் பசை தடவி மாட்டினோம். ப்ராசசரையும் சேர்த்து மொத்தம் 680 ரிங்கிட் வந்தது.

சீரியல் கேபிளில் கொஞ்சம் நிற்க வேண்டும். வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும் இந்தக் கேபிள் இரண்டு விதமாகக் கம்பி கட்டப்பட்டு விற்பனைக்கு வருகிறது. ஒன்றில் போர்டுப் பக்கத்து 1, 2, 3 நேராக வெளிப்பக்கத்து 1, 2, 3க்குப் போகும். இன்னொன்றில் தட்டை நாடாவை அப்படியே அழுத்தியிருப்பதால் 2 என்பது 6க்கும், 3 என்பது 2க்கும் போய்விடும். எங்கள் போர்டின் கையேடு நேர்க்கம்பியைக் கேட்டது. வந்த கேபிளை மாட்டும் முன், மல்டிமீட்டரை ஒலி முறையில் வைத்து, கேபிளின் இரண்டு பக்கத்திலும் 5ஆம் துளையைத் தொட்டேன். நேர்க்கம்பி என்றால் பீப் கேட்க வேண்டும், கேட்கவில்லை. மாற்றித் தரச் சொல்லி, வந்த இரண்டாவது கேபிளில் கேட்டது. இந்த ஒரு நிமிடச் சோதனை இல்லையென்றால் பழியைப் போர்டின் மேலோ எடைக்கருவியின் மேலோ போட்டிருப்போம்.

## மாற்றிய மாலை

செப்டம்பரில் ஒரு மாலை, கடைசி லோரி ஆலைக்குக் கிளம்பிய பிறகு வேலையைத் தொடங்கினோம். அதற்கு முன்பே ஹார்ட் டிஸ்கின் முழுப் பிரதி வெளி டிஸ்கில் இருந்தது. எடை மென்பொருளின் காம் அமைப்புகளை, அதாவது வேகம், பிட், பேரிட்டி எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருந்தோம். அந்த மென்பொருளின் பூட்டு கணினியின் அடையாளத்தைப் பார்ப்பது. போர்டு மாறினால் புதிய திறவு எண் கேட்கும். விற்றவரிடம் முன்கூட்டியே சொல்லி, அன்று மாலை தொலைபேசியில் இருக்கச் செய்திருந்தார் மனைவி.

புதிய போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ் என்று சொல்லப்பட்டாலும் அகலம் குறைவு. பழைய போர்டுக்காகக் கேஸில் நின்ற பித்தளைத் தாங்கிகளில் ஒன்றுக்கு நேராக இதில் துளை இல்லை. அதைக் கழற்றாமல் மாட்டினால் போர்டின் அடிப்புறத்தில் உலோகம் தொட்டு மின்சாரம் குறுக்கே பாயும். கழற்றினோம். வலது ஓரத்துக்குத் தாங்கி இல்லாததால், 24 முனைச் செருகியை அழுத்தும்போது பையன் அடியில் விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டான்.

விண்டோஸ் 11 கேட்கும் இரண்டு பாதுகாப்பு வசதிகளை, இன்டெலின் உள்ளமைந்த டிபிஎம்மையும் செக்யூர் பூட் (Secure Boot) என்பதையும், பயோஸில் இயக்கினோம். விண்டோஸ் 11ஐப் புதிய எஸ்எஸ்டியில் சுத்தமாக நிறுவினோம். பழைய டிஸ்கை இரண்டாவதாக மாட்டி, கோப்புகளை எடுத்துக்கொண்டோம். எடை மென்பொருள் 32 பிட், அதனால் 64 பிட் விண்டோஸில் தடையில்லை. 16 பிட்டாக இருந்தால் அங்கேயே நின்றிருக்கும். உரிமையாளர் தன் லோரியை எடைமேடையில் ஏற்றினார். கருவியின் எண்ணும் திரையின் எண்ணும் ஒன்றாக இருந்தன.

## பின்னர் நடந்தது

மறுநாள் காலை பிரிண்டர் தொல்லை கொடுத்தது. ஒவ்வொரு சீட்டுக்குப் பிறகும் ஒரு வெற்றுச் சீட்டு வெளியே வந்தது. நிலையத்தின் தாள் 9.5 அங்குல அகலம், 5.5 அங்குல உயரம். விண்டோஸ் 11 முழு 11 அங்குலம் என்று நினைத்துத் தள்ளியது. பிரிண்ட் சர்வர் அமைப்பில் அந்த அளவில் புதிய தாள் ஒன்றை உருவாக்கிக் கொடுத்ததும் சரியானது. விண்டோஸ் தானாக மறுபடி தொடங்கும் நேரத்தை வேலை நேரத்துக்கு வெளியே தள்ளி வைத்தோம்.

அதன் பிறகு இதை எழுதும் வரை எடைமேடை ஒரு நாளும் கணினியால் நிற்கவில்லை. 2026 ஜனவரியிலிருந்து இ-இன்வாய்ஸ் அனுப்புவதும் இதே கணினியில் நடக்கிறது. மின்தேக்கி மாற்றிய பழைய போர்டை ஐ3யோடும் ரேமோடும் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். இணையம் இல்லாமல் எடை போடவும் சீட்டு அடிக்கவும் அது போதும்.

## அடுத்த முறை வேறு விதமாகச் செய்வது

ப்ராசசர் வாங்குவதற்கு முன் போர்டைத் தேட வேண்டும், போர்டுக்கும் முன் உரிமத்தின் விலையையும் மாறக் கூடாதவற்றையும் எழுத வேண்டும். இங்கே ப்ராசசர் முதலில் வந்துவிட்டதால், மற்ற எல்லா முடிவும் அதன் பின்னால் போக வேண்டியதாயிற்று. அந்த 170 ரிங்கிட் கையில் இருந்திருந்தால் எச்610 பக்கம் போவதையும் கொஞ்சம் தாராளமாக யோசித்திருப்போம். ரேமை இரண்டாக வாங்கியிருக்கலாம் என்பதும் இப்போது தெரிகிறது. 2025 கடைசியில் டிடிஆர்4 விலை கடுமையாக ஏறிவிட்டது, காலியாக இருக்கும் இரண்டாவது இடத்தை நிரப்ப இப்போது மனம் வராது.

பெரிய குறை ஒன்று பாக்கி இருந்தது. முதல் போர்டை இடி கெடுத்தது நெட்வொர்க் கேபிள் வழியாக. எடைமேடையிலிருந்து வரும் சீரியல் கேபிளோ திறந்த வெளியைக் கடந்து வருகிறது, அடுத்த இடிக்கு அதுவும் ஒரு வழி. போர்டில் நேரடியாக மாட்டும் இணைப்பைத்தான் நாங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தோம், ஆகவே காப்பும் அங்கேதான் வேண்டும். மின்சாரத்தை ஒளியால் பிரித்துக் கடத்தும் தனிமைப்படுத்தி ஒன்றை வாங்கி, கேபிளுக்கும் கணினிக்கும் நடுவில் ஜனவரியில் மாட்டினோம். எடைமேடையின் தரைக்கம்பியை அளந்து பார்க்க மின்பணியாளரை அழைத்திருக்கிறார்கள். அவர் வரும் வரை, வானம் இருட்டும்போது வேலையில் இல்லாத கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றி வைக்கிறார் மனைவி.